செர்ரி மரத்தை வெட்டிய முட்டாள்

1953 மார்ச் 15. ஒட்டுச் செர்ரிக் கன்று ஒன்று, 120 யென்.
அதே நாள். மூங்கில் முட்டு இரண்டு, வைக்கோல் கயிறு ஒரு கட்டு, 18 யென்.
1958 ஜூன் 2. கம்பளிப்புழுவுக்கு மருந்து, 65 யென்.
1973 மார்ச் 3. கைரம்பம் ஒன்று, 780 யென். ஒட்டு மெழுகு ஒரு டப்பா, 150 யென்.
1976 பிப்ரவரி 1. பழைய கொசுவலை ஒன்று, செலவு இல்லை.

ஆக மொத்தம் 1,133 யென். ஹதானோ மலைச்சரிவில் ஓனுகி வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் செர்ரி மரத்துக்கு இருபத்து மூன்று வருடத்தில் ஆன செலவு அவ்வளவுதான். அதில் பாதிக்கு மேல் ரம்பத்துக்குப் போனது. அந்த வீட்டில் நடந்த ரகளைக்குக் காரணம் ரம்பம் வாங்கியது. ரம்பம் வாங்க வேண்டி வந்ததற்குக் காரணம், அதற்கு முன் இருபது வருடம் மரத்தின்மேல் யாரும் இரும்பு வைக்காமல் இருந்தது.

எய்ஜிரோ அந்த வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையாக வந்தவர். பக்கத்துப் பள்ளத்தாக்கில் புகையிலை பயிரிடும் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. நிலம் மூத்தவனுக்கு என்று ஆகிவிட்டது. ஓனுகி வீட்டிலோ நோபு ஒரே பெண். குடும்பப் பெயரைத் தூக்கிப் பிடிக்க ஆண்பிள்ளை இல்லை. 1951 நவம்பரில் ஒரு கூடை துணிமணியோடு எய்ஜிரோ மலையேறி வந்தார். வந்த அன்றே தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஓனுகி எய்ஜிரோ ஆனார். மூன்று ஆழாக்குத் தவிடு மிச்சம் இருந்தால்கூட வீட்டோட மாப்பிள்ளையாகப் போகாதே என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வழியனுப்பும்போது அவருடைய அண்ணன் சரியாக மூன்று ஆழாக்குத் தவிட்டைப் பையில் கட்டிக் கையில் கொடுத்தான். நோபு அதை வாங்கி மறுநாளே முள்ளங்கி ஊறுகாய் போட்டுவிட்டாள். கல்யாணமான முதல் வாரத்தில் வீட்டில் எல்லாரும் அந்த ஊறுகாயைத்தான் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

மாமனார் யாசோகிச்சிக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. குட்டையான ஆள், குரல் மட்டும் பெரியது. மாப்பிள்ளையை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மாப்ளே" என்பார். அதில் மரியாதையும் கிடையாது, கோபமும் கிடையாது. ஏர், மண்வெட்டி என்பது போல அது ஒரு சாமானின் பெயர். குளியல் தொட்டியில் முதல் வெந்நீர் அவருக்கு. பிறகு நோபுவின் அம்மா, பிறகு வந்தவர் போனவர், கடைசியில் எய்ஜிரோ. அவர் இறங்கும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அது நல்ல நாள். எய்ஜிரோ குறை சொல்லவில்லை. அவர் எதற்கும் குறை சொல்கிற ஆள் இல்லை. புகையிலை காயவைக்கும் கொட்டகைக்குள் போனால் தும்முவார். அந்தத் தும்மல்தான் அவர் வீட்டில் எழுப்புகிற அதிகபட்சச் சத்தம் என்று நோபு சொல்லுவாள்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு செர்ரி மரம் உண்டு. ஐந்து இதழ் வைத்து நாலு நாளில் கொட்டிவிடும் சாதி இல்லை. இதழ் மேல் இதழாக அடுக்கி, கெட்டிச் சிவப்பில், ஏப்ரல் கடைசியில் குலைகுலையாகத் தொங்குகிற அடுக்குச் செர்ரி. முழுக்க விரியும் முன் காம்போடு பறித்து, உப்பிலும் பிளம் காடியிலும் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, ஜாடியில் போட்டு வைப்பார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் தேநீர் கொடுக்க மாட்டார்கள். தேநீர் கலங்கும், பேச்சும் கலங்கிப் போகும். அதற்குப் பதில் கோப்பையில் இரண்டு உப்புப் பூவைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார்கள். சுருங்கிக் கிடந்த பூ தண்ணீருக்குள் மெல்ல விரியும். அது விரிகிறவரை ஒருவரும் பேச மாட்டார்கள். அந்தப் பூ சொந்த வீட்டு மரத்தில் பறித்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் எல்லார் வீட்டிலும் மரம் இருக்கும்போது, அடுத்த வீட்டுப் பூவை வாங்கிப் போடுகிறவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஓனுகி வீட்டில் இருந்த பழைய மரம் 1952 இலையுதிர்காலத்துப் புயலில் வேரோடு சாய்ந்தது. அடுத்த மார்ச்சில் நோபுவுக்கு எட்டாம் மாதம். "போய் ஒரு கன்னு வாங்கிட்டு வா மாப்ளே" என்றார் யாசோகிச்சி. எய்ஜிரோ கீழே நகரத்தில் நடந்த மரச்சந்தைக்குப் போய், பத்துக் கன்றுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டுக் கட்டிய இடம் நன்றாக ஆறியிருந்த ஒன்றை வாங்கி வந்தார். அவர் பிறந்த வீட்டில் சீமைப் பனிச்சைப் பழ மரங்களுக்கு ஒட்டுக் கட்டுகிறவர் அவருடைய அப்பாதான். ஓரளவு கண் பழகியிருந்தது. தோட்டத்தின் தெற்கு மூலையில் நட்டார்கள். ஏப்ரல் 19 அன்று பெண் குழந்தை பிறந்தது. சுமியே என்று பெயர் வைத்தார்கள். யாசோகிச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்றின் முன் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, இவளுடைய கல்யாணத் தண்ணீருக்குப் பூ இந்த மரத்தில்தான் என்று அறிவித்தார். கன்றின் உயரம் அப்போது அவர் இடுப்பளவு.

மூன்றாம் வருடம் முதல் பூ வந்தது. எண்ணினால் பதினொன்று. நல்ல சிவப்பு. யாசோகிச்சி பறிக்க விடவில்லை.

அதே வருடம் கோடையில், ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, அடிமரத்திலிருந்து இரண்டு தளிர் கிளம்பியது. எய்ஜிரோ பார்த்ததுமே அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். ஒட்டுக்குக் கீழிருந்து வருவது வேர் போட்ட காட்டு மரத்தின் தளிர். விட்டுவைத்தால் மேலே இருப்பதன் சாப்பாட்டையெல்லாம் அதுவே சாப்பிடும். குனிந்து கை வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"மாப்ளே. அருவாளக் கீழ போடு."

"அப்பா, கீழருந்து வர்றது வேற மரம்ப்பா. இதை இப்பவே..."

"செர்ரிய வெட்டுறவன் முட்டாள், பிளம்ம வெட்டாதவன் முட்டாள். உங்க ஊர்ல இதச் சொல்லித் தர்றதில்லையா?"

சொல்லித் தந்திருந்தார்கள். அந்த நாடு முழுக்க எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி அது. செர்ரியின் வெட்டுக்காயம் லேசில் ஆறாது, அழுகல் பிடிக்கும். அதனால் கிளையை வெட்டாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அடித்தளிரைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எய்ஜிரோவுக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியும். ஆனால் அவர் அந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அரிவாளைக் கீழே போட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நோபு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பாவுக்குப் பழமொழி தெரியும், மரம் தெரியாது. உங்களுக்கு மரம் தெரியும், வாய் கிடையாது. நடுவுல அந்த மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

மரம் ஒரு பாவமும் பண்ணவில்லை. தன்பாட்டுக்கு வளர்ந்தது. இரண்டு தளிரும் மூன்றே வருடத்தில் ஒட்டுக்கிளையின் உயரத்துக்கு வந்தன; பிறகு தாண்டின. 1961இல் அவை முதல்முறை பூத்தபோது ஊரே வந்து பார்த்தது. வெள்ளை. ஒற்றை அடுக்கு. மற்ற வீட்டு மரங்கள் மொட்டுக்கூட விடாத ஏப்ரல் முதல் வாரத்தில் பூத்து, மற்றவை பூக்கும்போது இலையாக நின்றன. வருடா வருடம் வெள்ளை கூடியது, சிவப்பு குறைந்தது. கடைசியில் கிழக்குப் பக்கம் ஒரு கிளை மட்டும் சிவப்பாகப் பூத்துக்கொண்டிருந்தது. 1970 மார்ச்சில் பெய்த ஈரப் பனியின் கனத்தில் அதுவும் முறிந்து விழுந்தது. எய்ஜிரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னால் வைத்தார். அடுப்பில் வைக்க மனம் வரவில்லை.

அடுத்த வீட்டுத் தமே அக்காவுக்கு எய்ஜிரோவைவிடப் பத்து வயது கூடுதல். வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பேசுவதற்கென்றே அந்தப் பக்கம் ஒரு கல் போட்டு வைத்திருந்தாள்.

"ஏன் தம்பி, உங்க மரத்துக்குச் சாயம் போயிருச்சு போலருக்கே. வெந்நில துவைச்சீங்களா?"

அதற்கு எய்ஜிரோ, சலவைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றார். அவர் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சில் அது ஒன்றுதான் ஊரில் பரவியது.

ஏப்ரல் கடைசியில் ஊர் முழுக்க ஏணியில் நிற்கும். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் பூப் பறிப்பார்கள். ஏணிக்கு ஏணி வம்பு பேசுவார்கள். ஓனுகி வீட்டில் மட்டும் பறிக்க ஒன்றும் இல்லை. எய்ஜிரோ தமே அக்காவின் மரத்தில் ஏறி அவளுக்குப் பறித்துக் கொடுப்பார். யாசோகிச்சி அந்த வாரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். மரம் வெளுத்ததற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை சந்தையில் ஏமாந்துவிட்டார். இதை அவர் எல்லாரிடமும் சொன்னார். முதல் வருடம் பூத்த பதினொரு சிவப்புப் பூவை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எய்ஜிரோவும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் சுமியேவுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடந்துகொண்டிருந்தது. கீழே தொலைபேசி நிலையத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து வருடத்தில் யாராவது பெண் கேட்டு வருவார்கள். அன்றைக்குக் கோப்பையில் எதைப் போடுவது என்று எய்ஜிரோ புகையிலைக்கு மண் அணைக்கும்போதும் யோசித்தார், வெதுவெதுத்த தொட்டியில் உட்கார்ந்தும் யோசித்தார். இந்த வீட்டுக்குள் வந்தபின் அவர் கையில் முழுதாக ஒப்படைத்த வேலை அந்த மரம் ஒன்றுதான்.

1973 மார்ச்சில் முதியோர் சங்கத்தார் யாசோகிச்சியை இரண்டு நாள் வெந்நீரூற்றுக்கு அழைத்துப் போனார்கள். அவர் பேருந்தில் ஏறிய அன்று மத்தியானமே எய்ஜிரோ நகரத்துக்குப் போய் ரம்பமும் மெழுகும் வாங்கி வந்தார். மறுநாள் காலை தமே அக்காவின் வேலியோரம் நின்று, அவள் மரத்திலிருந்து நாலு குச்சி வேண்டும் என்று கேட்டார்.

"எடுத்துக்கங்க. உங்க வீட்டுதுதானே," என்றாள் தமே. அவள் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தமே வீட்டு மரமே, புயலில் சாய்ந்த ஓனுகி மரத்திலிருந்து அவளுடைய மாமனார் அந்தக் காலத்தில் குச்சி வாங்கி ஒட்டுக் கட்டியதுதான். "எங்க மாமா கேட்டப்ப உங்க மாமனார் ஒரு புட்டி அரிசி மது வாங்கிட்டுத்தான் குடுத்தாராம். எனக்கு அதெல்லாம் வேணாம். அவர் திரும்பி வர்றப்ப நான் கல்லு மேல நின்னு பாக்கணும், அது போதும்."

எய்ஜிரோ ஏணி போட்டு ஏறி, கிழக்குப் பக்கம் போன மணிக்கட்டுக் கனமுள்ள வெள்ளைக்கிளையை அறுத்தார். இருபது வருடத்தில் அந்த மரத்தின் மேல் பட்ட முதல் இரும்பு. அறுத்த முகத்தைக் கத்தியால் வழவழப்பாகச் சீவி, பட்டையைக் கீறி, நாலு குச்சியையும் செருகி, இறுக்கிக் கட்டி, மெழுகு பூசினார். நோபு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்குகிறதா என்று அவள் கேட்டதற்கு, ஏணிதான் நடுங்குகிறது, ஒழுங்காகப் பிடி என்றார்.

யாசோகிச்சி அன்று மாலை வெந்நீரூற்று ஊரின் இனிப்பு உருண்டைப் பெட்டியோடு வந்தார். வாசலைத் தாண்டியதும் கிழக்கே மெழுகு பூசி வெளுத்து நின்ற மொட்டைக்கிளை கண்ணில் பட்டது. தமே அக்கா எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை. கிழவர் நேராக உள்ளே போய், நோபுவுக்கும் சுமியேவுக்கும் இரண்டிரண்டு உருண்டை கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

அதன்பிறகு அவர் மாப்பிள்ளையோடு நேரில் பேசவில்லை. ஒரே சாப்பாட்டு மேசையில், கைக்கெட்டுகிற தூரத்தில் எய்ஜிரோ இருக்கும்போதே, பேத்தியிடம் சொல்வார்: "உங்கப்பாகிட்ட அந்த முள்ளங்கியத் தள்ளச் சொல்லு." சுமியே, "அப்பா, முள்ளங்கி" என்பாள். எய்ஜிரோ தள்ளுவார். "உங்கப்பாகிட்ட சொல்லு, வெட்டுனவனுக்கு என்ன பேருன்னு பழமொழில இருக்கு." இதை மட்டும் சுமியே சொல்ல மாட்டாள். புகையிலை நாற்று நடவு வந்தபோது வயலில் கத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்போது பேச்சு ஒருவாறு திரும்பியது. ஆனால் மரத்தின் கிழக்குப் பக்கத்தைக் கிழவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாலு குச்சியில் இரண்டு பிடித்துத் துளிர்த்ததையும் பார்க்கவில்லை. குறைந்தபட்சம், பார்த்ததை யாரும் பார்க்கவில்லை.

1976 புத்தாண்டுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. கடலோரத்து ஓதவாராவில் மோச்சி என்கிற அரிசிமாவு இனிப்புக்குக் கடை வைத்திருக்கும் குரிஹாரா குடும்பம். பையன் பெயர் கியோஹெய். சுமியேயும் அவனும் ஏற்கெனவே பேசிப் பழகி முடிவு செய்துவிட்டார்கள். இனிப் பெரியவர்கள் முடிவு செய்தது போல நடத்திக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. நிச்சயத்துக்கு மே 23 நல்ல நாள் என்று கல்யாணத் தரகர் வந்து சொன்னார்.

தரகர் போனதும் நோபு பேச்சை எடுத்தாள். தமே அக்காவிடம் ஒரு ஜாடி உப்புப் பூ வாங்கிக்கொள்ளலாம் என்றாள். யாசோகிச்சி பெட்டி வானொலியை நிறுத்தினார்.

"அடுத்த வீட்டுப் பூவுல என் பேத்திக்குக் கல்யாணத் தண்ணியா? வேணாம். பூ இல்லாத வீடுன்னா பூ இல்லாத வீடு. வெறும் வெந்நி குடுப்போம். குடிச்சிட்டுப் போகட்டும்."

வெறும் வெந்நீர் கொடுத்தால் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சுமியே எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்போது எய்ஜிரோ, தும்மல் அல்லாத ஒரு சத்தத்தை அந்த அறையில் எழுப்பினார். கிழக்குக் கிளையில் இந்த வருடம் மொட்டு வைத்திருக்கிறது, பூ இருக்கும் என்றார்.

மொட்டு இருந்தது உண்மை. ஆனால் பிப்ரவரியில் மேல்மலையில் பனி மூடினதும் சிவப்புக் கழுத்துள்ள சாம்பல் குருவிகள் கூட்டமாக இறங்கும். செர்ரி மொட்டைக் கிள்ளிக் கிள்ளித் தின்பதில் அவற்றுக்கு ஈடு கிடையாது. மரம் நிறைய மொட்டு இருந்தால் குருவிக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம். இரண்டு குச்சியில் உள்ளது ஒரு காலைப் பொழுதுக்குக் காணாது. எய்ஜிரோ பரணில் கிடந்த பழைய கொசுவலையை எடுத்து, ஏணியில் ஏறி, கிழக்குக் கிளைக்கு மட்டும் போர்த்திக் கட்டினார். பனிக்காலத்துச் சாம்பல் வானத்தில் பச்சை வலை பல்லக்கு மாதிரித் தொங்கியது.

தமே அக்கா கல்மேல் ஏறினாள். "ஏன் தம்பி, பிப்ரவரிலயே உங்க மரத்தக் கொசு கடிக்குதா?"

வலை பழசு, ஓட்டை இருந்தது. இரண்டாம் நாளே ஒரு குருவி உள்ளே போய்விட்டது. எய்ஜிரோவுக்கு நகரத்துத் தொழிற்சாலையில் பகல் வேலை. அந்த வருடங்களில் புகையிலை மட்டும் போதவில்லை. நோபுவுக்குப் பசுமைக்கூடத்தில் நாற்று. பகலெல்லாம் மரத்துக்குக் காவல் யார்?

மூன்றாம் நாள் எய்ஜிரோ வேலையிலிருந்து திரும்பும்போது தோட்டத்தில் ஒரு பெட்டி கவிழ்த்திருந்தது. அதன்மேல் பஞ்சு மெத்தைச் சட்டையும் கழுத்துத் துண்டுமாக யாசோகிச்சி. பக்கத்தில் காலி எண்ணெய் டின்னும் ஒரு குச்சியும்.

"வெயில் காயுறேன்," என்றார் கிழவர். சூரியன் மலைக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மார்ச் பாதி வரைக்கும் தினமும் வெயில் காய்ந்தார். டின் சத்தம் கீழ் வயல் வரை கேட்டது. தமே அக்கா, பகலில் கண் அசர முடியவில்லை என்று புகார் சொன்னாள். பிறகு அவளே சாயங்காலம் வறுத்த பயறு கொண்டுவந்து கிழவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். வலை ஓட்டையை யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். நோபு தான் இல்லை என்றாள். தையல் கோணலாக இருந்ததைப் பார்த்தால் அவளாக இருக்க முடியாது.

ஏப்ரல் 27 அன்று கிளை பறிக்கும் பதத்துக்கு வந்தது. குலை ஆறு. கெட்டிச் சிவப்பு. மரத்தின் மற்ற பக்கமெல்லாம் வெள்ளை கொட்டி முடித்து இளம் இலையாக நிற்க, கிழக்கே மட்டும் யாரோ பட்டுத்துணியை மறந்து காயப்போட்டதுபோல இருந்தது. எய்ஜிரோ ஏறினார். ஒன்பது கோப்பைக்குப் பதினெட்டுப் பூ வேண்டும். கெட்டுப் போனால் இருக்கட்டும் என்று நாலு சேர்த்து இருபத்திரண்டு பறித்தார். மற்றதை மரத்துக்கு விட்டார். தன் வீட்டு மரத்தில் அவர் கூடை கட்டி ஏறியது அதுவே முதல்முறை. பக்கத்து ஏணிகளில் பேச்சு நின்று எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கூடைக்கு அவ்வளவு பூ அடியைக்கூட மறைக்கவில்லை.

நோபு உப்பிட்டாள், கல் வைத்தாள், பிளம் காடி ஊற்றினாள், மூங்கில் தட்டில் காயவைத்தாள். வீட்டில் ஆளுக்கு ஆள் அந்தத் தட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு பூ நிறம் மங்கியது. இருபது தேறியது.

மே 23 காலை குரிஹாரா குடும்பம் வந்தது. குரிஹாரா பெரியவர் பருத்த மனிதர். விரல்கள் மாவு பிசைந்து பிசைந்து மெத்தென்று இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் தோட்டத்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். கைக்கெட்டிய ஒரு இலையைப் பறித்து அங்கியின் கைமடிப்புக்குள் போட்டுக்கொண்டார். உள்ளிருந்து பார்த்த யாசோகிச்சிக்கு அது பிடிக்கவில்லை. "வந்ததும் வராததுமா இலையப் பறிக்கிறான்" என்று நோபுவின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

கோப்பைகள் வந்தன. நோபு வெந்நீர் ஊற்றினாள். ஒன்பது பேரும் தலை குனிந்து பார்த்தார்கள். பூ முதலில் ஒன்றும் செய்யவில்லை. எய்ஜிரோ தன் கோப்பையைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுமியேயின் கோப்பையைப் பார்த்தார். அதில் ஒரு இதழ் அவிழ்ந்தது; பிறகு ஒன்று; பிறகு பாவாடை சுற்றினதுபோல எல்லாம் விரிந்து, நீரின் நடுவில் சிவப்பாக நின்றது. சுமியே நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாகத் தன் கோப்பையை எடுத்துக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

பேச்செல்லாம் முறைப்படி முடிந்தது. பரிசுத் தட்டுகள் மாறின. குரிஹாரா பெரியவர் அப்போதுதான் கைமடிப்பில் இருந்த இலையை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் அது வாடித் துவண்டிருந்தது. மூக்கில் வைத்து மோந்துவிட்டு யாசோகிச்சியிடம் நீட்டினார். பச்சையாக இருக்கும்போது வாசனை இல்லாத இலை, வாடினதும் மோச்சிக் கடை மாதிரி மணத்தது. உப்பில் போட்ட இந்த இலையைச் சுற்றித்தான் அவருடைய கடையில் வசந்தகால மோச்சி விற்கிறார்கள். வருடா வருடம் இலைக்காகத் தெற்கே தீபகற்பம் வரை ஆள் அனுப்புகிறார்.

"இந்த ஊர்ல எல்லாம் சிவப்பு அடுக்கு மரம்தான்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் குரிஹாரா. "இலைக்குன்னு பாத்து இந்தச் சாதிய வளத்து வச்சிருக்கீங்க. இதுக்குள்ளயே அந்தச் சிவப்பும் இருக்கு. யாரு பண்ணின வேலைங்க இது?"

அறையில் எல்லாரும் எய்ஜிரோவைப் பார்த்தார்கள். எய்ஜிரோ பாயைப் பார்த்தார். யாசோகிச்சி தொண்டையைச் செருமினார்.

"வெள்ளை நான் வளத்தது. கீழருந்து தளிர் வந்தப்ப, வெட்டக் கூடாதுன்னு இருபது வருஷம் காவல் காத்தேன். செர்ரிய வெட்டுறவன் முட்டாள் இல்லையா?" கோப்பையில் மிச்சமிருந்த பூவை எடுத்து வாயில் போட்டு மென்றார். "சிவப்பு, வெட்டுனவனோட வேலை. அந்த முட்டாள் எங்க எய்ஜிரோ."

நோபு பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். இருபத்து நாலரை வருடத்தில் அப்பா அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. சரியாக உச்சரித்ததே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

அன்று மாலை விருந்தாளிகள் போன பிறகு, தனக்குக் கால் வலிக்கிறது, குளியலுக்கு நேரமாகும், எய்ஜிரோ முதலில் இறங்கட்டும் என்று கிழவர் சொல்லி அனுப்பினார். எய்ஜிரோ தொட்டியில் ஒரு காலை வைத்தவர் ஐயோ என்று வெளியே எடுத்துவிட்டார். முதல் வெந்நீர் அவ்வளவு சூடாக இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? பச்சைத் தண்ணீர் கலந்து கலந்து இறங்கினார். பின்னால் வந்த யாசோகிச்சி, தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்று ஊருக்கே கேட்கும்படி திட்டினார்.

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடம் ஜூனிலிருந்து ஓனுகி வீட்டு வெள்ளைக்கிளைகளின் இலை ஐம்பது ஐம்பதாக வைக்கோலால் கட்டப்பட்டு ஓதவாராவுக்கு ரயிலேறியது. தமே அக்கா கல்மேல் நின்று, எங்களுடையதில் பூ மட்டும்தான் தம்பி, உங்களுடையதில் வேரையும் கேட்பார்கள் போலிருக்கிறதே என்றாள்.

1978 டிசம்பரில் யாசோகிச்சிக்கு இருமல் கண்டது. கடலோரம் குளிர் குறைவு என்று சுமியே தாத்தாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். போன மூன்றாம் நாளிலிருந்து தூரிகையால் பெரிய பெரிய எழுத்தில் கடிதம் வர ஆரம்பித்தது. எல்லாம் நோபுவின் பெயருக்கு. வலையை எடுத்துக் கட்டச் சொல். டின் கொட்டகையில் இடது பக்க ஆணியில் தொங்குகிறது. வலையில் தையல் விட்டிருக்கும், தைத்தவனுக்குக் கண் சரியில்லை. இங்கே மோச்சி நன்றாக இருக்கிறது, ஆனால் குரிஹாரா கஞ்சன், பூரணம் குறைவாக வைக்கிறான்.

கடைசிக் கடிதம் மட்டும் எய்ஜிரோ பெயருக்கு வந்தது. உறையின்மேல் ஓனுகி எய்ஜிரோ என்று முழுதாக எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு விஷயம்: தெற்கே போகும் வெள்ளைக்கிளை ரொம்ப நீண்டுவிட்டது, சிவப்புக்கு வெயிலை மறைக்கிறது, வெட்டு, என்னைக் கேட்பதற்காகக் காத்திருக்காதே. எய்ஜிரோ மறுநாளே ரம்பத்தை எடுத்தார். அதற்குப்பின் கடிதம் வராததற்குக் காரணம், வெட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கிழவர் பொறுமை இல்லாமல் மார்ச் முதல் வாரத்திலேயே ரயிலேறி வந்துவிட்டதுதான். அண்ணாந்து பார்த்து, ஒரு சாண் தள்ளி வெட்டியிருக்கலாம் என்றார். மரத்தின் கணக்கில் கடைசி வரி: 1979 பிப்ரவரி 14. வெட்டச் சொல்லிக் கடிதம் ஒன்று, செலவு இல்லை.